ஈசூன் வீட்டில் வெற்றிலையைப் பாடம் போட்டது

அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் போனதிலிருந்து எங்கள் வாசல் கொடியின் வெற்றிலை அவருக்குச் சரிப்படவில்லை. அது நல்ல தடித்த ஜாதி, கரும்பச்சை, ஊரில் கம்மாறு வெற்றிலை என்பார்களே, அதுபோல நாக்கில் வைத்ததும் சுள்ளென்று ஏறும் காரம். மெல்ல முடியாமல் பாதியிலேயே துப்பிவிடுவார். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் வாங்கும் இளவெற்றிலை பரவாயில்லை, ஆனால் நாங்கள் இருக்கும் ஈசூனிலிருந்து வாரம் ஒரு முறை அதற்காகவே போய்வர எனக்கு முடியவில்லை, வாங்கி வந்தாலும் மூன்றாம் நாள் ஓரம் கருத்துவிடுகிறது. வாசலில் ஏழடி உயரத்துக்கு ஒரு கொடி தளதளவென்று நிற்கும்போது, சாப்பிட்ட பிறகு அம்மா வெறும் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

வெற்றிலையையும் பழுக்க வைக்கலாம் என்பது எனக்குக் கொஞ்ச நாளாகவே தெரியும். காசியில் அப்படித்தான் செய்கிறார்கள். பீகாரிலிருந்து வரும் மகஹி வெற்றிலையைக் கூடைகளில் அடுக்கி, மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, பச்சை போய் வெளிர்மஞ்சளாக வரும்வரை விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப் பழுத்த இலையில் காரம் தணிந்திருக்கும், நார் இளகியிருக்கும், வாயில் வைத்தால் கரையும், விலையும் பச்சை இலையைவிட அதிகம். தமிழ்நாட்டில் நாம் பச்சையாகவே போட்டுப் பழகிவிட்டதால் யாரும் இதற்கு மெனக்கெடுவதில்லை.

ஆனால் எனக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றவில்லை, காரணம் தாத்தா. வேடசந்தூர்ப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கரில் மெல்லும் புகையிலை இருந்தது. அறுத்த புகையிலையை வெயிலில் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு அம்பாரமாக அடுக்கிச் சாக்கு போட்டு மூடிவைப்பார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே சூடு ஏறியிருந்தால் மொத்தத்தையும் பிரித்து, உள்ளே இருந்தது வெளியேயும் வெளியே இருந்தது உள்ளேயும் போகிற மாதிரி மாற்றி அடுக்குவார். அதற்குத்தான் பாடம் போடுவது என்று பெயர். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்பாரத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஈரமும் வெல்லமும் கலந்ததுபோல ஒரு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர், அப்படியென்றால் புகையிலையையே இரண்டு தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டார். எனக்கு அந்த ஆசை கிடையாது. இங்கே புகையிலை தீர்வைக்குரிய பொருள், உரிமம் இல்லாமல் தயாரிக்கக் கூடாது. குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி எல்லாம் 2016 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூரில் தடை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தாத்தாவே கடைசியில் வாய்ப்புற்றில்தான் போனார். அதனால் எங்கள் வீட்டில் புகையிலையும் இல்லை, பாக்கும் இல்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. அம்மா போடுவது இலை, ஒரு ஏலக்காய், ஒரு கிராம்பு, துளி பனங்கற்கண்டு, அவ்வளவுதான். எனக்குத் தாத்தாவிடமிருந்து வேண்டியிருந்தது அந்தக் கைப்பக்குவம் மட்டும்.

கொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கே முதல் படியிலேயே தவறான செடியை வாங்கிவிடுகிறார்கள். நாற்றுக் கடைகளில் காடுக் என்று ஒன்று விற்கும், இலை வெற்றிலை மாதிரியே இதய வடிவில் பளபளவென்று இருக்கும், ஆனால் அது வேறு செடி, தரையோடு புதர்போலப் படரும், சுவையும் வேறு. நிஜ வெற்றிலை கணுவுக்குக் கணு வேர் விட்டுச் சுவரையோ கம்பையோ பிடித்து ஏறும். எங்களுடையது நான்கு வீடு தள்ளியிருக்கும் மலாய் மக்சிக் (வயதான பெண்மணியை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்த மூன்று கணுத் துண்டு. அவர்கள் கல்யாணங்களில் சிரே, அதாவது வெற்றிலை, இல்லாமல் தாம்பூலத் தட்டு கிடையாது என்பதால் அவர் வீட்டில் அது எப்போதும் இருக்கும். ஊர்க் கொடிக்காலில் அகத்தியை நிழலுக்கும் பிடிமானத்துக்கும் நடுவார்கள் இல்லையா, இங்கே நான் தென்னைநார் சுற்றிய பிளாஸ்டிக் குழாயை நட்டிருக்கிறேன். கிழக்கு பார்த்த வாசல், காலை வெயில் பத்து மணிவரை, அதன்பிறகு நிழல், அது போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்க வேண்டும், கொசு வராமல் அடித்தட்டில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செடி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

சரி, முதல் முயற்சி. இருபது இலை பறித்தேன், நன்றாகக் கழுவினேன், ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சமையலறை மேல் அலமாரியில் இருட்டில் போட்டேன். மூன்றாம் நாள் பையின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். நான்காம் நாள் திறந்தால் இலைகளின் நடுவே எண்ணெய் ஊறியதுபோலக் கறுப்புத் திட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழவழவென்று இருந்தன, வாடை சகிக்கவில்லை. மொத்தமும் குப்பைக்குப் போனது.

இரண்டாவது முயற்சியில் காசிக் கணக்கைப் பிடித்தேன். அங்கே அறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்கூடப் போகும் என்று படித்திருந்தேன். வீட்டில் அந்தச் சூட்டை விடாமல் கொடுக்கக்கூடியது ரைஸ் குக்கர்தான். அடியில் துணி போட்டு, மேலே வாழையிலை விரித்து, பதினைந்து வெற்றிலையை அடுக்கி, சூடாக வைத்திருக்கும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டேன். இரண்டே மணி நேரத்தில் இலை ஆலிவ் காய் நிறத்துக்கு மாறிவிட்டது, அதாவது கீரையை மூடிவைத்து அதிக நேரம் வேகவிட்டால் வருமே அந்தப் பழுப்பு. அதற்கப்புறம் இரண்டு நாள் வைத்திருந்தும் அது மஞ்சளாகவே இல்லை.

இந்த இரண்டு தோல்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இலை மஞ்சளாவது காய்வதால் அல்ல, வேகுவதாலும் அல்ல. பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது. இருட்டில், மிதமான சூட்டில் வைத்தால், தன்னிடம் சேர்த்து வைத்திருந்ததைத் தின்றுகொண்டே தன் பச்சையத்தையும் தானே பிரித்துப் போடுகிறது. அடியில் முன்பே இருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரிகிறது. இதைச் செய்வது இலைக்குள் இருக்கும் நொதிகள். ரைஸ் குக்கரில் அந்த நொதிகள் செத்துவிட்டன. அப்போது பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் மட்டும் கழன்று பழுப்பு நிறம் வருகிறது, அத்தோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் பையிலோ இலை மூச்சுத் திணறிப்போனது, அதன் மூச்சிலிருந்து வந்த ஈரமே அதன்மேல் படிந்து அழுகலை வரவழைத்தது. ஆகவே இலையைக் கொல்லாமல், ஆனால் மெதுவாகச் சாகவிட வேண்டும். புகையிலையிலும் இதேதான் சங்கதி. சூட்டறையில் பதப்படுத்தும் வர்ஜீனியாப் புகையிலைக்கு முதல் கட்டமாக மஞ்சளாக்குவது 32 முதல் 38 டிகிரிக்குள், நல்ல ஈரக்காற்றில்தான், இலை உயிரோடு இருக்கும்போதே அதன் மாவு சர்க்கரையாக மாறுவதும் அப்போதுதான். சூட்டை ஏற்றிக் காயவைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. காசியில் அறை 60 டிகிரி என்றாலும் கூடைக்குள் நெருக்கி அடுக்கிய இலைக்கு அந்தச் சூடு அப்படியே போகாது என்று இப்போது நினைக்கிறேன். நான் அடுக்கிய பதினைந்து இலைக்குப் பாதுகாப்பே இல்லை.

அப்படிப் பார்த்தால் சிங்கப்பூர் இந்த வேலைக்கு ரொம்பவே தோதான ஊர். பகலில் 31, 32 டிகிரி, ராத்திரியில் 25, காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். முருங்கைக் கீரையைக் காயவைக்க முயன்றவர்களுக்கு இந்த ஈரம் எவ்வளவு பெரிய எதிரி என்று தெரியும், இலை காய்வதற்கு முன்பே கறுத்துவிடும். வெற்றிலையைப் பழுக்க வைக்க அதே ஈரம்தான் வேண்டும். நாம் சேர்க்க வேண்டியது இன்னும் ஐந்தாறு டிகிரி சூடும், இருட்டும், அளவாகக் காற்றும்.

மூன்றாவது முயற்சிக்கு ஈரச் சந்தையில் மீன் கடைக்காரரிடம் ஒரு தெர்மகோல் பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். மூன்று தடவை சோடாமாவு போட்டுக் கழுவி வெயிலில் வைத்து வாடை போக்கினேன், இதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், வெற்றிலை எல்லா வாடையையும் பிடித்துக்கொள்ளும். மூடியில் பென்சில் பருமனில் நான்கு துளை. அடியில் கம்பித் தட்டு, அதன்மேல் வாடவைத்த வாழையிலை. இரண்டு பக்கமும் அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்று, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு முறை, மாலையில் வந்ததும் ஒரு முறை, படுக்கும்முன் ஒரு முறை வெந்நீர் மாற்றினேன். எட்டு வெள்ளிக்கு வாங்கிய வெப்பமானியின் நுனியை இலைக்கட்டுக்குள் செருகி வைத்துப் பார்த்ததில் பெரும்பாலும் 34க்கும் 37க்கும் நடுவில் நின்றது, விடியற்காலையில் மட்டும் 30க்கு இறங்கும்.

இலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் நிறைய கற்றுக்கொண்டேன். கொழுந்து வேண்டாம். நுனியிலிருந்து முதல் மூன்று இலையை விட்டுவிட்டு, நான்காவதிலிருந்து ஏழு எட்டு வரை பறிக்க வேண்டும், முதுகில் தட்டினால் தோல்போலச் சத்தம் வரும் முற்றிய இலை. பிஞ்சு இலையிடம் செலவழிக்கச் சேமிப்பு இல்லை, அது வாடிக் கறுத்துப்போகும். மழை பெய்த அன்று பறிக்காதீர்கள். சாயந்திரம் இலை உலர்ந்திருக்கும்போது பறித்து, கழுவாமல், மெல்லிய பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். கழுவுவதை வாயில் போடும்முன் வைத்துக்கொள்ளலாம். காம்பை அரை விரற்கடை விட்டு புது பிளேடால் நறுக்கினேன், கையால் கிள்ளினால் நசுங்கி அங்கிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. 48 இலை. கவுளிக்கு நூறு என்பார்கள், அரைக் கவுளிக்கு இரண்டு குறைவு. பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு அடுக்கு, முகத்தோடு முகமும் முதுகோடு முதுகும் வருகிற மாதிரி.

கூடவே நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்த ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழத்தைக் காகிதப் பையில் போட்டு ஓரத்தில் வைத்தேன். பழம் விடுகிற எத்திலீன் வாயு இலையையும் சீக்கிரம் முதுமையடைய வைக்கும்.

அப்புறம் தாத்தா செய்ததைச் செய்தேன். காலையும் மாலையும் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் மூச்சு விடவைப்பது, சுவரில் படிந்த ஈரத்தைத் துடைப்பது, அடுக்குகளைப் பிரித்து நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் மாற்றுவது. திட்டு விழுந்த இலையை அந்த நேரமே எடுத்துவிடுவது, ஒன்றை விட்டாலும் அது அண்டை இலைக்கும் ஒட்டிக்கொள்கிறது.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் பளபளப்பு மங்கியது, இலை கொஞ்சம் தொய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் சமையலறை விளக்கின் கீழே ஒரு இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நரம்புகள் மட்டும் நதி கிளை பிரிந்ததுபோலக் கரும்பச்சையாக நிற்க, இடையில் இருந்த பரப்பெல்லாம் எலுமிச்சைக்காய் நிறத்துக்கு வந்திருந்தது, ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகியும் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் தாய்நரம்பு தவிர மற்றதெல்லாம் மஞ்சள், நம் வீட்டு நெய்யின் மஞ்சள். ஆறாம் நாள் காலை நிறுத்தினேன். வாசனையும் மாறியிருந்தது. பச்சை வெற்றிலையின் கிராம்பு நெடி பின்னால் போய், உலர்ந்த வைக்கோலும் கொஞ்சம் தேனும் சேர்ந்ததுபோல ஒரு மணம். 48ல் 31 தேறியது. போனதில் பெரும்பாலானவை பாட்டிலை ஒட்டியிருந்தவை, அந்தப் பக்கம் சூடு கூடிவிட்டது. அடுத்த தடவை பாட்டிலுக்கு இரண்டு சுற்றுத் துணி சுற்றினேன், சேதம் பாதியாகக் குறைந்தது.

பழம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க, நான்காவது முறை இரண்டு பெட்டி வைத்தேன். ஒன்றில் பழம், ஒன்றில் இல்லை, மற்றதெல்லாம் ஒரே மாதிரி, ஒரே நாளில் பறித்த இலை. பழம் இருந்த பெட்டி ஆறு நாளில் முடிந்தது, இல்லாதது ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது, அந்த மூன்று நாளில் கூடுதலாக ஏழு இலை கெட்டது. ஆகவே பழம் அவசியம். ஆனால் தினமும் பையைத் திறந்து பாருங்கள், பழம் கசிய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும்.

பழுத்த பிறகு வைத்துக்கொள்வது தனிப் பாடு. பெட்டியிலிருந்து எடுத்ததும் மின்விசிறியை முதல் எண்ணில் வைத்து அரை மணி நேரம் முறத்தில் பரப்பி ஆறவிட்டேன், மேலீரம் போனால் போதும், சருகாகிவிடக் கூடாது. முதல் தடவை டிபன் பாக்ஸில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாளே ஆங்காங்கே கருந்திட்டு. வெற்றிலை வெப்பமண்டலக் கொடி, அந்தக் குளிரை அது தாங்காது. இப்போது வாழைமட்டையைப் பட்டையாகக் கிழித்து அதற்குள் பொதிந்து, மேலே லேசாக ஈரம் தெளித்த துணியைச் சுற்றி, காற்றோட்டமான மூலையில் வைக்கிறேன். நான்கு நாள், நல்ல இலையாக இருந்தால் ஐந்து நாள் தாங்குகிறது. அதனால் ஒரே தடவையில் நூறு இலை போடுவதை விட்டுவிட்டு, வாரம் இருபத்தைந்து என்று பிரித்துக்கொண்டேன். கொடியும் அதற்கு ஈடுகொடுக்கிறது, ஒரு கிளையைப் பறித்தால் அதைப் பத்து நாளுக்காவது தொடாமல் விடுகிறேன்.

முதல் இலையை அம்மாவிடம் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு. வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நுனியைக் கிள்ளினார், காம்பைக் கிள்ளினார், முதுகைத் தன் பக்கம் திருப்பிக் கட்டைவிரல் நகத்தால் தாய்நரம்பை உரிக்கப் பார்த்தார், நரம்பு தானாகவே பட்டுநூல் மாதிரி கையோடு வந்துவிட்டது. ஏலக்காயைத் தட்டி வைத்து மடித்து வாயின் வலது பக்கம், இன்னும் நான்கு பல் இருக்கும் பக்கம், ஒதுக்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. துப்பவும் இல்லை.

"அப்பா அம்பாரத்தைப் பிரிக்கும்போது இப்படித்தான்டி ஒரு வாசம் வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம், நரம்புகிட்ட இன்னும் பச்சை வாடை இருக்கு."

அவர் சொன்னது சரி. இப்போது ஏழு நாள் வைக்கிறேன், கடைசி நாள் பாட்டிலுக்கு வெந்நீர் மாற்றாமல் தானாக ஆறவிட்டு, பழத்தையும் எடுத்துவிடுகிறேன். தாய்நரம்பின் அடிப்பாகம் மட்டும் லேசான பச்சையோடு நிற்கும்போது நிறுத்தினால் இலை கிழியாமல் மடிகிறது. அதற்கும் மேலே விட்டால் மடிக்கும்போதே நரம்போரம் விண்டுவிடும்.

மக்சிக்குக்கு வாழைமட்டையில் கட்டிப் பத்து இலை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை மென்று பார்த்துவிட்டு, இனிப்பாக இருக்கிறது, தன் அம்மா இருந்திருந்தால் விடவே மாட்டார் என்றார். பிறகு, அடுத்த மாதம் பேத்திக்குக் கல்யாணம், தட்டுக்கு அறுபது இலை வேண்டும், தன் கொடியில் அவ்வளவு தேறாது, என்னால் தர முடியுமா, ஆனால் அதற்குப் பச்சைதான் வேண்டும், பழுத்தது ஆகாது என்று கேட்டார். அதனால் மேல்கிளை இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறேன். கீழ்க்கிளையில் பறித்த இருபத்திரண்டு இலை நேற்று சாயந்திரம் பெட்டிக்குள் போயிருக்கிறது, இன்றைக்கு ராத்திரி முதல் தடவை பிரித்து அடுக்க வேண்டும்.